ஓசிச் சாப்பாடா அது?

போன மாதம் பேரனைப் பார்க்க விமானம் ஏறப் போனேன். எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்லவில்லை, வம்பு வேண்டாம். லவுஞ்ச் வாசலில் முப்பது பேர் வரிசை. கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். உட்கார நாற்காலி இல்லை. இட்லி ஆறி விறைத்திருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. தட்டும் கையுமாகத் தூணோரம் நின்று சாப்பிட்டேன். "ஓசிதானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் பக்கத்தில் நின்றவர்.

ஓசியா? அந்த இரண்டு ரூபாய் கார்டைச் சரிபார்க்க மட்டும். நாம் நுழையும் ஒவ்வொரு தடவைக்கும் லவுஞ்ச்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கார்டு கொடுத்த வங்கி தருகிறது. அதை நம் ஆண்டுக் கட்டணத்திலும், கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனிலும் எடுத்துக்கொள்கிறது. தலைக்குத்தான் காசு என்றால் கூட்டம் சேரச் சேர லவுஞ்ச்காரருக்கு லாபம். பருப்பைக் குறைத்தால் இன்னும் லாபம். வங்கிகள் என்ன செய்கின்றன? மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று பல வங்கிகள் நம் தலையில் நிபந்தனை வைத்துவிட்டன. நாற்காலிக்கு மேல் ஆள் விடாதே, சூடாகப் பரிமாறு என்று லவுஞ்ச்காரருக்கு அல்லவா நிபந்தனை போட வேண்டும்?

சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். இனி நான் அங்கேதான். டீ சரியில்லை என்றால், காசு கொடுத்தவன் என்று சத்தமாகக் கேட்பேன்.