மாட்டுக்குத்தானேன்னு போடறீங்களே...

2017-ல பிளாஸ்டிக் அரிசி புரளி கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? சோத்தை உருண்டை புடிச்சு தரையில அடிச்சு வீடியோ எடுத்தாங்க. அரிசியை விட பிளாஸ்டிக் விலை ஜாஸ்தியாச்சேன்னு ஒருத்தரும் யோசிக்கலை. இப்பவும் அதே கூட்டம்தான் "பால்ல யூரியா"ன்னு ஃபார்வர்டு பண்ணிட்டிருக்கு.

சரி, கணக்கைப் பாருங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. ஆபத்தான கலப்படம் இருந்தது 12-ல். அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறி இருந்தது 368-ல்! இதில் முதலிடம் யாருக்கு? சாட்சாத் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான், 551-க்கு 88. அந்த வரம்பும் என்னமோ கறாரானது இல்லீங்க. நமக்கு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்; ஐரோப்பாவில் 0.05.

12-க்கு ஊரே கத்துது, 368-க்கு மூச்சு இல்லை. ஏன்னா இதில் திட்டறதுக்கு வில்லன் கிடையாது. சரியா காயாத மக்காச்சோளத்தையும் கடலையையும் மூட்டை கட்டினா, ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற பூஞ்சை தானா வளர்ந்து விஷத்தைச் சுரக்குது. பூசணம் புடிச்சதை நாம என்ன பண்றோம்? "மாட்டுக்குப் போடு, வீணாக்காதே." மாட்டின் ஈரல் அதை எம்1-ஆ மாத்தி பாலில் அனுப்பிடுது. அந்தப் பால்தான் குழந்தைக்கு. காய்ச்சினாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்கில் போனா கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும்.

மொத்தமா போனா என்ன ஆகும்னு 1974-லயே பார்த்தாச்சு. குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பன்ஸ்வாரா மாவட்டங்களில் மழையில் நனைஞ்ச மக்காச்சோளத்தைத் தின்ன 397 பேருக்கு மஞ்சள் காமாலை, 106 பேர் செத்தாங்க. அதைத் தின்ன நாய்களும் தப்பலை. செத்தவங்களுக்கு பூசணம் தெரியாமல் இல்லை, வேற சாப்பாடு இல்லை. 2004-ல் கென்யாவிலும் இதே மக்காச்சோளம், 125 சாவு.

விவசாயியைத் திட்டி புண்ணியமில்லை. களம் இல்லாதவன் ரோட்டில்தான் காயப்போடுவான். ராத்திரி மழை வந்தா தார்ப்பாயோட ஓடறதும் அவன்தான். ஈரப்பதம் அதிகம்னு விலையைக் குறைக்கிற வியாபாரி, அந்தச் சரக்கைக் குப்பையிலயா கொட்டறார்? ஊருக்கு ஊர் உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் கேளுங்க. பால் கேனை மட்டும் சோதிச்சு என்ன பிரயோஜனம், தீவன மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.