போர்முனைப் படி

நெல்லை அளப்பதும் படி. சம்பளத்துக்கு மேல் கொடுப்பதும் படி. இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வழங்கி வருகிறது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில், பஞ்சப்படி, வீட்டு வாடகைப் படி, பயணப்படி ஆகியவற்றைப் பற்றிப் பேசாத வீடு இராது. இவற்றுக்கெல்லாம் அப்பால், நம்மில் பெரும்பாலோர் பெறாததும் பெற விரும்பாததுமான படி ஒன்று உண்டு. போர்முனையில் நிற்கும் வீரனுக்கு அளிக்கப்படும் படியே அது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அவர்கள் தலைமையில் எட்டாவது மத்திய ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. 18 திங்களுக்குள் பரிந்துரை தருமாறு அது பணிக்கப்பட்டது. ஆகவே இப்படியைப் பற்றி நாம் சிந்திப்பது காலத்துக்கு ஏற்றதாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சம்பளம் என்பது பதவிக்கும் வேலைக்கும் உரியது. படி என்பது அவ்வேலையைச் செய்ய நேரும் நிலைமைக்கு உரியது. நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டு மையத்தில் பயிற்சி அளிக்கும் ஹவில்தாரும், சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கும் ஹவில்தாரும் ஒரே பதவியினர். ஒரே சம்பளத்துக்கு உரியவர். ஆனால் இருவருடைய இரவுகளும் ஒன்றல்ல. ஒருவர் மாலையில் மனைவி மக்களோடு அமர்ந்து உண்ணக் கூடும். மற்றவர் மூச்சுவிடப் போதிய காற்றும் இல்லாத உயரத்தில் பனியை உருக்கிக் குடிக்கிறார். போர்முனைப் பகுதிக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. எனவே அவருடைய வருமானம் ஒன்றாயிருக்க, எரியும் அடுப்புகள் இரண்டாகின்றன. இரண்டு அடுப்பின் செலவு என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு புதிதன்று. கும்பினியார் காலத்திலேயே, நிலையம் விட்டுப் படையெடுத்துச் செல்லும் சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்கு மேல் ‘பத்தா’ என்றொரு தொகை கொடுக்கப்பட்டது. இன்று லாரி ஓட்டுநரும் சினிமாத் தொழிலாளரும் வாங்கும் ‘பேட்டா’ அச்சொல்லின் மரபில் வந்ததே. பத்தாவைப் பற்றிய வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சிந்து நதிக்கு அப்பால் சென்று போரிட்ட படைகளுக்கு, அது அந்நிய நாடு என்ற காரணத்தால் கூடுதல் பத்தா வழங்கப்பட்டு வந்தது. 1843 ஆம் ஆண்டில் கும்பினியார் சிந்து நாட்டைத் தம் ஆட்சியோடு இணைத்துக் கொண்டனர். இணைத்தவுடன், “இனி அது நம் நாடு, ஆகவே கூடுதல் பத்தா இல்லை” என்று கணக்குப் போட்டனர். பாலைவனத்தின் வெப்பம் குறையவில்லை; காய்ச்சல் குறையவில்லை; ஊருக்கும் அவ்விடத்துக்கும் உள்ள தொலைவும் குறையவில்லை. காகிதத்தில் ஓர் எல்லைக்கோடு மட்டுமே மாறியது. வங்காளப் படையின் 34 ஆம் காலாட்படைச் சிப்பாய்கள் சிந்துவுக்குச் செல்ல மறுத்தனர். 1844 ஆம் ஆண்டில் அப்பட்டாளமே கலைக்கப்பட்டது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களுக்கும் பத்தா உயிர்நாடியாக இருந்தது. மனைவி மக்களைப் பட்டாளத்தோடு அழைத்துச் செல்வது அவர்களுடைய வழக்கம். பத்தாவில் கை வைப்பது அவர்களுக்குக் குழந்தைகளின் சோற்றில் கை வைப்பதாகும்.

வறுமையும் தீராத வெறுப்பும் இல்லாத படையே வெல்லும் என்பது ‘படைமாட்சி’ அதிகாரத்தில் வள்ளுவர் தரும் கருத்து. கும்பினியார் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படித்த நாமாவது மறவாதிருக்க வேண்டும்.

இனி நம் காலத்து நடைமுறையைப் பார்ப்போம். நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. பல்வேறு பெயர்களில் சிதறிக் கிடந்த ஆபத்துப் படிகளையும் இடர்ப் படிகளையும் அது ஒரே அட்டவணைக்குள் கொண்டு வந்தது. ஆபத்துக்கு மூன்று நிலை, இடருக்கு மூன்று நிலை, ஆக ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு பணியிடமும் தனக்குரிய கட்டத்தில் வைக்கப்பட்டது. ஒன்பதுக்கும் மேலே, வேறெந்தப் பணிக்கும் இல்லாத உச்சக் கட்டம் ஒன்று சியாச்சினுக்கென்றே வகுக்கப்பட்டது. எந்த இடத்துக்கு ஏன் எவ்வளவு என்று எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தக்க இம்முறை பாராட்டுக்குரியது. பஞ்சப்படி 50 விழுக்காட்டை எட்டும்பொழுதெல்லாம் இப்படிகள் 25 விழுக்காடு உயர வேண்டும் என்ற ஏற்பாடும் நல்லதே. விலைவாசி ஏற ஏற, அசையாத தொகை தானாகவே தேய்ந்து போகும் அல்லவா?

சியாச்சின் படி அதற்கு முன் ஜவான்களுக்குத் திங்களுக்கு 14,000 ரூபாயாகவும், அதிகாரிகளுக்கு 21,000 ரூபாயாகவும் இருந்தது. குழு இவற்றை முறையே 21,000 என்றும் 31,500 என்றும் பரிந்துரைத்தது. அது போதாது என்று படைத் தரப்பினர் எடுத்துரைத்தனர். வடகிழக்கு நகரம் ஒன்றில் பணிபுரியும் மூத்த சிவில் அதிகாரி தம் அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கில் சிறப்புப் படி பெறும்போது, அத்தொகை பனிமலையில் நிற்கும் படை அதிகாரியின் படியை மிஞ்சுவதாக அவர்கள் முறையிட்டனர். 2017 ஜூன் 28 அன்று மத்திய அமைச்சரவை சியாச்சின் படியை ஜவான்களுக்கு 30,000 ரூபாயாகவும், அதிகாரிகளுக்கு 42,500 ரூபாயாகவும் உயர்த்தியது. பரிந்துரைக்கு மேல் கூட்டிக் கொடுத்த அரசாங்கத்தின் செயல் மெச்சத்தக்கது.

ஆயினும் இரண்டு குறைகளை எடுத்துக் கூறாமல் இருக்க முடியாது.

முதலாவது, காலதாமதம். ஏழாவது குழுவின் படி திருத்திய சம்பளம் 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. திருத்திய படிகளோ 2017 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட 18 திங்களுக்கு நிலுவை இல்லை. அந்த 18 திங்களில் என்ன நடந்தது? 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் 19,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள சோனம் காவல் முனை மீது பனிப்பாறை சரிந்தது. அங்கிருந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19 ஆம் பட்டாளத்தோடு பணியாற்றியவர்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களுள் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பின் பனிக்கு அடியிலிருந்து உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் காலமானார். நாடே கண் கலங்கியது. அந்நாளில் அவர்களுக்கு உரியதாயிருந்த படி பழைய 14,000 ரூபாயே. அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்காகப் பனிப்பாறை காத்திருப்பதில்லை. 2003 நவம்பர் முதல் அப்பனிமலையில் போர்நிறுத்தம் இருந்து வருகிறது. குண்டு வெடிக்காவிட்டாலும் குளிரும் பனிச்சரிவும் ஓய்வு கொள்வதில்லை. ஆகவே சம்பளம் எந்த நாளிலிருந்து திருத்தப்படுகிறதோ, ஆபத்துப் படியும் அந்த நாளிலிருந்தே திருத்தப்பட வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒரே பனிச்சரிவு, ஒரே கூடாரம், ஒரே குளிர். அங்கே 2017 இல் ஜவானுடைய ஆபத்துக்கு 30,000, அதிகாரியுடைய ஆபத்துக்கு 42,500 என்று ஏன் இரண்டு அளவு வைக்கப்பட்டது? சியாச்சினில் மட்டுமன்று, நக்ஸல் பகுதிகளில் போரிடும் மத்திய ரிசர்வ் போலீசின் கோப்ரா கமாண்டோக்களுக்கும் 2017 இல் 17,300 என்றும் 25,000 என்றும் இவ்வாறே இரு நிலைகள் வகுக்கப்பட்டன. அதிகாரியின் பொறுப்பு பெரிது என்பதை எவரும் மறுக்கவில்லை. அப்பொறுப்புக்காகவே அவருடைய அடிப்படைச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. அதற்கு மேல், ஏழாவது குழுவின் பரிந்துரைப்படி படைப் பணிக்கென்று தனியே வழங்கப்பட்ட ஊதியமும் அதிகாரிக்கு 15,500, ஜவானுக்கு 5,200 என்று வேறுபட்டது. பதவிக்கு இரண்டு முறை விலை கொடுத்தாயிற்று. மூன்றாவது முறையாக ஆபத்தையும் பதவியைக் கொண்டே அளப்பது எவ்வாறு பொருந்தும்?

நம் அரசாங்கமே வேறோர் இடத்தில் இக்கேள்விக்குச் சரியான விடையளித்திருக்கிறது. குறிப்பிட்ட உயர்ந்த மலைமுனைகளில் இயற்கையின் சீற்றத்தால் உயிர் துறக்கும் வீரரின் குடும்பத்துக்கு, ஏழாவது குழுவுக்குப் பின் 35 லட்சம் ரூபாய் கருணைத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஜவான், அதிகாரி என்ற பேதம் இல்லை. இறந்தபின் சமமாக மதிக்கப்படும் உயிர், இருக்கும்போது மட்டும் இரண்டு விலை பெறுவது முரண் அல்லவா? அமெரிக்க நாட்டில் 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிரியின் தாக்குதலுக்கு உள்ளாகும் வீரனுக்குத் திங்களுக்கு 55 டாலர் தனிப்படியாக வைத்தனர். அது 2003 இல் 225 டாலராக உயர்த்தப்பட்டது. கடைநிலைச் சிப்பாய்க்கும் தளபதிக்கும் தொகை ஒன்றே. செல்வத்தில் அவர்களோடு நாம் போட்டியிட இயலாது; ஆனால் சமமாகப் பங்கிடுவதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

“வீரத்துக்கு விலை பேசலாமா? தேசபக்தியைக் காசால் அளப்பதா?” என்று சிலர் கேட்கின்றனர். விலை பேசக் கூடாது என்பதே நம் கருத்தும். படித்தொகைக்காக எவனும் பனிமலை ஏறுவதில்லை. அந்தத் தொகைக்கு உயிரை விற்பவனும் இல்லை. படி என்பது உயிருக்கு விலையன்று. அவன் இல்லாத வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தவறாமலும், வயதான பெற்றோரின் மருந்து நிற்காமலும் இருக்கச் சமுதாயம் செலுத்தும் கடன் அது. தேசபக்தியைக் காரணம் காட்டிக் கடனைத் தள்ளிப் போடுபவன், அந்தத் தேசபக்தியின் மீதே வட்டியில்லாக் கடன் வாங்குகிறான்.

இன்னும் சிலர், “விரும்பித்தானே சேர்ந்தார்கள்?” என்பர். படையில் சேர்வது விருப்பம். எந்த முனைக்கு அனுப்பப்படுவது என்பது கட்டளை. வேலை பிடிக்கவில்லையென்றால் நம்மைப்போல் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவனால் வெளியேற முடியாது. பேரம் பேசும் உரிமையில்லாதவனுக்காக நியாயம் பேசுவது, அந்த உரிமையுள்ள மற்றவர்களின் கடமை.

நம் வாசகர் குடும்பங்களில் படைவீரரின் இல்லங்களும் உண்டு. அங்குள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. போர்முனைப் படி நிலையான வருமானம் அன்று. வீரர் அம்முனையில் பணியாற்றும் காலத்துக்கு மட்டுமே உரியது. அமைதி நிலையத்துக்கு மாறியதும் நின்றுவிடும். ஆகவே அதை நம்பி நீண்ட காலத் தவணைக் கடனில் இறங்குதல் ஆகாது. வருகிற வரையில் அதைத் தனியே எடுத்து வைத்துச் சேமிப்பதே விவேகம். சம்பளச் சீட்டைத் திங்கள்தோறும் பார்த்து, எந்தப் படி எந்தத் தேதியிலிருந்து சேர்க்கப்பட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனது எதுவாயினும் வீரரின் பட்டாள அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்யுங்கள். உரியதைக் கேட்பது இரத்தல் ஆகாது.

எட்டாவது குழுவிடம் நம் போன்றோர் வேண்டுவது அதிகமில்லை. எந்த முனைக்கு எவ்வளவு என்பதை வீரன் புறப்படும் முன்பே உறுதியாகச் சொல்லுங்கள். கோட்டை மாற்றிக் கொடுத்ததைப் பறிக்காதீர்கள். சம்பளத்தோடு படியையும் அதே நாளில் திருத்துங்கள். ஒரே ஆபத்துக்கு ஒரே அளவு வையுங்கள். இன்று அதிகாரிக்குத் தருவதைக் குறைக்க வேண்டாம். ஜவானுக்குத் தருவதை அதற்கு ஈடாக உயர்த்துங்கள். ஒரே களத்தில் அளக்கும்போது ஆளுக்கொரு படியை எடுப்பவரை நம் கிராமத்தார் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. போர்க்களமும் ஒரு களந்தான்.