லினக்ஸில் மிடி 2.0: கெர்னல் ரெடி... ஆப்கள் ரெடியா?

கீபோர்டில் ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுந்தியது என்பதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மொழிதான் மிடி. 1983-ல் வந்த இந்த மொழியில் அந்த வேகத்தைக் குறிக்க 0 முதல் 127 வரைதான் எண்கள். 2020-ல் வெளியான மிடி 2.0-ல் அதுவே 65,536 படிகள்! லினக்ஸில் இசையமைப்பவர்களுக்கு இது கிடைக்குமா?

அடித்தளம் ரெடி

லினக்ஸ் கெர்னலில் ஆடியோ, மிடி இரண்டையும் கவனிப்பது ‘அல்சா’ என்ற பகுதி. 2023 ஆகஸ்டில் வெளியான கெர்னல் 6.5-ல் மிடி 2.0 ஆதரவு சேர்ந்தது. இதற்கான கோடிங்கை எழுதியவர் சூஸே நிறுவனத்தின் தகாஷி இவாய். அடுத்து, ஆப்களுக்கு இடையே ஒலியைக் கடத்தும் பைப்வயரும் 2025-ல் வந்த 1.4 பதிப்பில் மிடி 2.0-க்கு மாறியது.

பழைய ஆப் என்னவாகும்?

வழக்கம்போல ஓடும். கீபோர்டு 2.0-ல் பேசி, ஆப்புக்கு 1.0 மட்டுமே தெரிந்தால், நடுவில் அல்சாவே மொழிபெயர்த்துவிடும்.

சிக்கலே அங்கேதான். மொழிபெயர்க்கும்போது 65,536 படிகள் 128-க்குள் சுருங்கிவிடும். அதாவது சுமார் 512 படிகளுக்கு ஒரே எண். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. புது கீபோர்டு வாங்கியவருக்கு, பழைய தரத்தில்தான் பதிவாகிறது என்பதே தெரியாமல் போகலாம். ஃபில்டர் குமிழை மெதுவாகத் திருகும்போது ஒலி வழுக்கிப் போகாமல் படிப்படியாகத் தாவுவது கேட்கும். மிடி 2.0-ல் அதே குமிழுக்கு 429 கோடிக்கும் மேற்பட்ட படிகள் உண்டு.

டெவலப்பர் என்ன செய்யணும்?

முதலில், ‘எனக்கு மிடி 2.0 தெரியும்’ என்று ஆப் அல்சாவிடம் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் தகவல் சுருங்காமல் வரும். ஆனால் அது மட்டும் போதாது. ஆப் உள்ளுக்குள் 128 படிகளை நம்பி எழுதப்பட்டிருந்தால், எடிட்டர், சேமிப்பு என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழைய வகை மிடி ஃபைலில் சேமித்தால் மறுபடியும் 128-தான்.

நீங்கள் என்ன பார்க்கணும்?

முதலில் கெர்னல் பதிப்பு. டெபியன் 12-உடன் வந்தது 6.1 என்பதால் அதில் வழியில்லை. உபுண்டு 24.04-உடன் வந்தது 6.8. கெர்னலை உருவாக்கியவர்கள் இந்த வசதியை ஆன் செய்திருக்கவும் வேண்டும். கடைசியாக ஆப். ‘மிடி சப்போர்ட் உண்டு’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த மிடி என்று பாருங்கள். கீபோர்டுக்குக் காசு கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.