பட்டினி வேண்டாம், அளவு போதும்



எடையைக் குறைக்கிறேன் என்று வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போகாதீர்கள். பட்டினியில் கொழுப்போடு சதையும் கரையும், பலம் போகும். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கி, வேலைக்காட்டிலேயே மயக்கம் வரலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. இது விளையாட்டல்ல.

பின்னே என்ன செய்வது? சோற்றில் ஒரு பிடி குறையுங்கள், கீரையைக் கூட்டுங்கள். டின்பால் தேத்தண்ணி நாளுக்கு ஒன்று போதும்.

"நாள் முழுக்கக் குலை அறுக்கிறோம், நடை எதுக்கு?" என்பீர்கள். நியாயந்தான், உங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கே முக்கியம். குளுவாங் பக்கம் பேக்டரி பஸ் ஏறி, உட்கார்ந்தே வேலை செய்யும் பிள்ளைகளுக்குத்தான் தினம் அரைமணி நடை வேண்டும்.

வாரம் அரைக் கிலோ இறங்கினால் போதும். மாத்திரைக்காரர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.