மூச்சு வாங்குதா, சார்?

ஆபீஸில் ஏற்காடு டூர் என்று பேச்சு எழுந்தால் மூன்று வகை ஆட்கள் தெரிவார்கள். சீட்டுக்கட்டு கொண்டு வருகிறவர், முறுக்கு கொண்டு வருகிறவர், 'எனக்கு டஸ்ட் அலர்ஜி சார், நான் வரலை' என்று நழுவுகிறவர். டஸ்ட் அலர்ஜி என்று அவர் சொல்வது ஆஸ்துமாவை. அந்தப் பெயரைச் சொன்னால் கல்யாண மார்க்கெட்டில் ரேட் இறங்கிவிடுமாம்!

நானும் அவர் கட்சிதான். ஆறாம் கிளாஸிலிருந்து இளைப்பு. ஆனாலும் சேர்வராயன் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு (பி.காம். புத்தி போகாது). கோயில் இருப்பது சுமார் 5,300 அடி உயரத்தில். அங்கே காற்றழுத்தம் மெரினாவில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. உயரத்தால் தலைசுற்றி வாந்தி வரும் மலைநோய் பொதுவாக 8,000 அடிக்கு மேலேதான். அதனால் சேர்வராயன்மேல் பழி போடாதீர்கள். நம்மை மடக்குவது குளிர்காற்று, வேகநடை, புகை. மேட்டில் விறுவிறுவென்று ஏறினால் வாயால் மூச்சு விடுவோம். மூக்கு சூடாக்கி அனுப்ப வேண்டிய காற்று சில்லென்று உள்ளே போகும். மூச்சுக்குழாய் கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். கோயிலோ குகை, குனிந்துதான் நுழைய வேண்டும். கற்பூரப் புகை சூழ்ந்தால் சட்டென்று ஒரு கும்பிடு போட்டு வெளியே வந்துவிடுங்கள். சாமி கோபிக்க மாட்டார்.

தினமும் இழுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை, 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தாதீர்கள். அந்த வாரம் சளியோ ராத்திரி இளைப்போ இருந்தால் டூரைத் தள்ளிப் போடுங்கள். ஏறுவதற்குக் கால் மணி முன்னால் இன்ஹேலர் வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிஷம் மாப்பிள்ளை அழைப்பு வேகம் போதும். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மப்ளர். இன்ஹேலர் ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில். குளிரில் விறைத்தால் மருந்து சரியாகப் பீய்ச்சாது.

இளைத்தால் நின்று, நிமிர்ந்து உட்கார்ந்து மருந்தை இழுங்கள். அடங்கவில்லை, பேச்சு துண்டு துண்டாக வருகிறது என்றால் 'சரியாப் போயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். தாமதித்தால் ஒவ்வொன்றும் ஒரு மைல்.

நம் பையன்கள் பனியனில் போட்டுத் திரியும் சே குவேரா, குழந்தையிலிருந்தே ஆஸ்துமாக்காரர். டாக்டரும்கூட. கியூபாவின் சியரா மாஸ்ட்ரா மலையில் போராடியவர், 1957-ல் மருந்து தீர்ந்துபோய் நடக்க முடியாமல் தவித்தார். மருந்து வாங்க ஆளை அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தார். கையில் துப்பாக்கி இருந்து என்ன புண்ணியம்?

நமக்கு மருந்து பையிலேயே இருக்கிறது. எடுக்கத்தான் வெட்கம். சிகரெட்டை நாலு பேர் நடுவில் ஸ்டைலாகப் பற்ற வைப்பவன்கூட இன்ஹேலரை பாத்ரூமில் ஒளிந்து இழுக்கிறான். மூச்சு முட்டும்போது ஒளிவதற்கு இடம் தேடினால், அந்த ஐந்து நிமிஷம் உயிரையே கேட்கும்.

வேன் கிளம்பியதும் பக்கத்து சீட்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "எனக்கு ஆஸ்துமா. மருந்து இந்தப் பையில இருக்கு." பாட்டுக்குப் பாட்டு அதற்கப்புறம் ஆரம்பிக்கட்டும்.