அடக்கம் செய்யுமுன் திறந்து பார்த்தோமா?

கடலோர ஊர் ஒன்றில் யாம் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. பழைய வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார், பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டி ஒன்றைப் பற்றி எம்மிடம் கேட்க வந்தனர். "ஆலிம்சா, எங்கள் வாப்பாவின் வாப்பா காலத்துக் கிதாபுகள். பூச்சி அரித்துக் கிடக்கின்றன. காலில் மிதிபட்டால் பாவமாயிற்றே, என்ன செய்ய?" என்றனர். தூய துணியில் சுற்றி, நடமாட்டம் இல்லாத இடத்தில் அடக்கிவிடுங்கள் என்றோம். யாம் சொன்ன மஸ்அலா சரியானதுதான். பெட்டியைத்தான் யாம் திறந்து பார்க்கவில்லை. அன்று அஸருக்குப் பின் அது மண்ணுக்குள் போயிற்று. சில மாதங்கள் சென்றபின் அவ்வீட்டு மூதாட்டி ஒருவர், அந்தப் பெட்டியில் அரபுத்தமிழில் எழுதிய பாடல் ஏடுகளும் இருந்தன என்றும், தம் மாமியார் வெள்ளி இரவுகளில் அவற்றை ராகமிட்டு ஓதுவார் என்றும் கூறினார். என்ன பாட்டு, யார் பாடியது என்று கேட்டோம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, யாம் இங்கே சாடப்போகும் கூட்டத்தில் முதல் ஆள் யாமே. இதை அறிந்தபின் வாசகர்கள் மேலே படிப்பார்களாக.

கிழிந்த கிதாபைக் கண்டதும் கிணற்றையும் கப்ருஸ்தானையும் தேடி ஓடும் வழக்கத்துக்கு நம்மவர் 'மரியாதை' என்று பெயரிட்டிருக்கின்றனர். மார்க்கச் சட்ட நூல்கள் அடக்கம் செய்யச் சொல்வது எதை? இனி ஓதவும் பயன்கொள்ளவும் இயலாத நிலையை அடைந்துவிட்டதை. ஓரம் அரிக்கப்பட்ட ஏடு அந்நிலையை அடைந்துவிட்டதா என்று தீர்ப்பளித்தவர் யார்? பெரும்பாலும் வீட்டை வெள்ளையடிக்க வந்தவர்! கடைசியாகச் செய்ய வேண்டியதை நாம் முதலாவதாகச் செய்கிறோம்.

உதுமான் (ரலி) அவர்கள் ஏடுகளை எரிக்கச் செய்ததைச் சிலர் சான்று காட்டுவர். புகாரியில் உள்ள அந்த அறிவிப்பை முழுமையாக ஓதட்டும். கலீஃபா அவர்கள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளை வரவழைத்தார்கள். கற்றறிந்த நால்வரைக் கொண்டு பிரதிகள் எடுக்கச் செய்தார்கள். மூல ஏடுகளை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவும் முடிந்த பின்னரே ஏனையவை எரிக்கப்பட்டன. நம் வீட்டுப் பரண் ஏட்டுக்குப் பிரதி எடுத்தவர் யார்? மூலத்தைத் திருப்பி வைத்தவர் யார்?

இழந்தது இன்னதென்று தெரிந்தாலாவது அழலாம். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இஸ்லாமிய இலக்கியம் எனக் கருதப்படும் பல்சந்தமாலையில் எஞ்சியிருப்பவை எட்டே பாடல்கள். அவையும் களவியற்காரிகை உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்டதால் பிழைத்தவை. நூல் போய்விட்டது. சீறாப்புராணத்துக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கக்கூடும். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். உமறுப்புலவரை இன்று நாம் மேடைதோறும் புகழ்வது அந்த ஆலிமின் உழைப்பால்தான்.

"பழந்தாளைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைப்பது வெள்ளைக்காரன் பழக்கம்" என்போரும் உளர். அவர்கள் யமன் நாட்டின் சன்ஆ நகரைப் பார்க்கட்டும். அந்நகரின் பெரிய பள்ளிவாசலை 1972ஆம் ஆண்டு பழுதுபார்க்கையில், உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையே குவியலாகத் தோல் ஏடுகள் அகப்பட்டன. பெரும்பாலானவை பழைய குர்ஆன் பிரதிகளின் துணுக்குகள். வேலையாட்கள் அவற்றைச் சாக்குகளில் அள்ளி ஒதுக்கினர். தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த காழி இஸ்மாயீல் அல்அக்வா அவர்கள் அவற்றின் அருமையை உணர்ந்து காத்தார்கள். வெளிநாட்டு வல்லுநர் உதவியையும் நாடினார்கள். 1980களில் ஜெர்மானிய அறிஞர்களும் யமனியரும் சேர்ந்து பணியாற்றினர். ஏறத்தாழ ஆயிரம் குர்ஆன் பிரதிகளைச் சேர்ந்த பல்லாயிரம் துணுக்குகள் துப்புரவாக்கப்பட்டுப் பிரதி வாரியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் சில ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அவற்றை அந்தக் கூரைக்குள் வைத்தவர் எவர்? பள்ளிவாசலின் பழைய முஸ்லிம்களே. தேய்ந்த முஸ்ஹஃபை அவர்கள் மிதிபடாத உயரத்தில் வைத்தனர். திமிஷ்கின் உமவிப் பள்ளியிலும் கைரவான் பள்ளியிலும் இவ்வாறே பழைய ஏடுகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. மரியாதையும் பாதுகாப்பும் ஒரே செயலாக இருந்த காலம் அது.

அடக்கம் செய்வோரை விட்டால், மறுபுறம் 'பழுதுபார்ப்போர்' நிற்கின்றனர். இவர்களிடம் எமக்குள்ள அச்சம் இன்னும் பெரிது. கிழிசலுக்குப் பிசின் நாடா ஒட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் நாடா உதிரும், அதன் பசை மட்டும் தாளில் ஊறி மஞ்சளாகி நிற்கும். ஏட்டை நெகிழித் தாளுக்குள் சூடேற்றி ஒட்டி 'லாமினேஷன்' செய்கிறார்கள்; அதைப் பின்னர் பிரிப்பவன் ஏட்டையும் சேர்த்தே கிழிப்பான். பைண்டரிடம் கொடுத்தாலோ, ஓரம் ஒழுங்காக வேண்டுமென்று அவர் வெட்டித் தள்ளும் கீற்றில் ஓர் ஆலிமின் ஓரக்குறிப்புகள் முழுதும் போகின்றன. நனைந்ததை வெயிலில் காயவைப்பாரும் உண்டு. தாள் முறுகி நொறுங்கும்.

அவசரப் பசை பெரிய இடங்களையும் விட்டதில்லை. எகிப்து மன்னன் துத்தன்காமனின் பொன் முகக்கவசத்தினின்று 2014ஆம் ஆண்டு கெய்ரோ அருங்காட்சியகத்தில் தாடிப்பகுதி பெயர்ந்துவிட்டது. யாரோ எபாக்சிப் பசையைத் தடவி அவசரமாக ஒட்டினர். உலகமே சிரித்தது. மறு ஆண்டில் வல்லுநர்கள் அந்தப் பசையை மரக்கருவிகளால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகைக் கொண்டு தாடியைப் பொருத்தினர். தேன்மெழுகு பண்டை எகிப்தியர் கையாண்ட பொருள். வேண்டும்போது எடுத்தும் விடலாம்.

இத்துறையின் ஆணிவேரே இதுதான். இன்று செய்த திருத்தத்தை நாளை வருபவர் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிழிந்த ஏட்டுக்கு ஜப்பானிய மென்தாளும் கோதுமை மாச்சத்துப் பசையும் இடுகிறார்கள். ஈரம் காட்டினால் அது விட்டுவிடும். ஓட்டை விழுந்த இடத்தை வெறுந்தாளால் தாங்கவைப்பார்களே அன்றி, அழிந்த எழுத்தைத் தாமாக எழுதி நிரப்ப மாட்டார்கள்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. ஹதீஸ் நூலைப் பிரதி எடுக்கும் முஹத்திஸ், மூலத்தில் பிழைபட்ட சொல்லைக் கண்டால் திருத்தி எழுதிவிடுவதில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதி, அதன்மேல் ஸாத் எழுத்தின் தலைபோன்ற சிறு குறியொன்றை இடுவார். தாம் சரியெனக் கருதுவதை ஓரத்தில் குறிப்பார். இதற்குத் தழ்பீப் என்று பெயர். அருங்காட்சியக வல்லுநர் ஓட்டையை ஓட்டையாகவே விடுவதும் அதே அமானிதம்தான். நாமோ நம் இமாம்களின் ஒழுங்கை வகுப்பறையில் ஓதிவிட்டு, வீட்டுப் பெட்டிக்கு முன் மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோருக்கும் பூச்சிக் கவலை இருந்தது. அரபு ஏடுகள் பலவற்றின் முகப்பில் 'யா கபீகஜ்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். பூச்சிகளின் அரசனை அழைத்து ஏட்டை விட்டுவிடச் சொல்வதாக நம்பினர். உண்மையில் அது நச்சுச்செடி ஒன்றின் பெயர் என்பர் ஆய்வாளர். அந்தப் பெயரைப் படித்து இராமபாணப் பூச்சி விலகிப் போனதாகத் தெரியவில்லை! ஈரமில்லாத, காற்றாடும், வெளிச்சம் குறைந்த இடமும், மாதமொரு முறை திறந்து பார்க்கும் கண்ணுமே அதற்கு மருந்து.

"அருங்காட்சியகத்தில் கொடுத்தால் திரும்ப வராது" என்ற ஐயத்தை யாம் எள்ளி நகையாடவில்லை. கீழைநாட்டுச் சுவடிகள் எத்தனையோ கப்பலேறிப் போயின. விரித்த ஏட்டை ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கத்தில் கடும் விளக்கின்கீழ் வைத்து மை வெளுக்கச்செய்யும் கூடங்களும் இல்லாமல் இல்லை. தாளில் எழுதியதற்கு 50 லக்ஸ் ஒளியே மேல் வரம்பு என்பது அத்துறையினர் வகுத்த கணக்கு. ஆனால், கொடுக்க மனமில்லாவிட்டால் காட்டவாவது கூடாதா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே இரசாயனப் பாதுகாப்புக் கூடம் அமைந்துவிட்டது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகச் சுவடிகளும் உள்ளன. எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்து, படம் எடுக்கச் செய்து, ஏட்டை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவர எந்த மார்க்கம் தடுக்கிறது? வக்ஃபு நிலத்தின் ஒரு சாணுக்கு வழக்காடும் முத்தவல்லிமார், பள்ளிவாசல் அலமாரியில் செல்லரிக்கும் வக்ஃபு கிதாபுகளுக்கு ஒரு பட்டியலேனும் எழுதி வைத்திருக்கிறார்களா?

இப்பொழுதும் எம்மிடம் பெட்டியோடு வருகிறார்கள். சென்ற ஆண்டும் ஒருவர் வந்தார். அடக்கம் செய்வது பற்றிய மஸ்அலாவை யாம் சொல்லவில்லை. பாயை விரித்து, பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் சொன்னோம். மேலே கிடந்தவை அச்சிட்ட பழைய யாசீன் பிரதிகள். அடியில், சிவப்புத் துணிக்குள், அரபுத்தமிழில் ஒரு கைப்பிரதி இருந்தது. முதல் இரண்டு ஏடுகள் இல்லை. பாடியவர் பெயரும் அவற்றோடு போயிற்று. ஏனையவை வாசிக்கும் நிலையில் இருக்கின்றன.