முதலில் வந்த குதிரை ஏன் தோற்றது?

மீனவர் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவர் கடலில் விட்ட வலைமேல் இன்னொருவர் படகை ஓட்டி அறுத்துவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வலைக்காரருக்கு எவ்வளவு நஷ்டம்? ஓட்டியவருக்கு என்ன அபராதம்? இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் வழக்கு விடிய விடிய நடக்கும். குதிரைப் பந்தயத்தில் முதலில் வந்த குதிரையைக் கீழே இறக்கும்போது எழும் சண்டையில் பாதி, இந்த முடிச்சால் வருவதுதான்.

ஓடும் குதிரை ஒன்று விலகி இன்னொன்றின் வழியை மறித்தால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் விசாரிப்பார்கள். ‘அப்ஜெக்‌ஷன்’ என்று அறிவிப்பு வந்தால் கையிலிருக்கும் டிக்கெட்டைக் கிழித்துப் போடக் கூடாது என்பது ரேஸ் பழகியவர்களுக்குத் தெரியும்.

தீர்ப்பளிப்பதில் உலகில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்க வழியில், மறிக்கப்பட்ட குதிரைக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு கெட்டதா என்று பார்த்து, மறித்த குதிரையை அதற்கும் பின்னால் தள்ளுவார்கள். 2019 மே 4 அன்று கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மாக்ஸிமம் செக்யூரிட்டி, 22 நிமிட விசாரணைக்குப் பிறகு 17-வது இடத்துக்குப் போனது. பரிசு, ஒன்றுக்கு 65 விலையில் ஓடிய கன்ட்ரி ஹவுஸுக்கு. மிக மோசமாகத் தடுமாறியது என்னவோ வார் ஆஃப் வில். அது எட்டிலிருந்து ஏழுக்கு வந்ததோடு சரி. உரிமையாளர்கள் நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை.

இன்னொரு வழியில் கேள்வி ஒன்றுதான்: மறிக்கப்படாமல் இருந்திருந்தால் அந்தக் குதிரை, மறித்த குதிரையை முந்தியிருக்குமா? இல்லையென்றால் வரிசை அப்படியே நிற்கும். தண்டனை ஜாக்கிக்கு மட்டும். ஜப்பான் பட்டுத் தெளிந்து இந்த வழிக்கு வந்தது. 1991-இல் டென்னோ ஷோ பந்தயத்தில் ஆறு குதிரை நீளம் முன்னால் வந்த மெஜிரோ மக்வீனைக் கடைசியான 18-வது இடத்துக்குத் தள்ளினார்கள். 2010 ஜப்பான் கோப்பையில் தெளிவாக முந்திய பூவெனா விஸ்டா இரண்டாவதாக்கப்பட்டது. 2013-இல் விதியையே மாற்றிவிட்டார்கள். பிரான்ஸும் 2018-இல் இந்தப் பக்கம் சேர்ந்தது.

எனக்கு இரண்டாவது வழிதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ‘முந்தியிருக்குமா’ என்பது எப்போதும் ஊகம்தான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: பெரிய பரிசுக்காக மறித்துவிட்டு, சில நாள் தடையைச் சிரித்துக்கொண்டே ஏற்க ஒரு ஜாக்கி துணியலாம். தடை நாட்கள் அவருக்கு வலிக்கும் அளவு நீண்டால்தான் இந்த விதி நிற்கும்.